பாடசாலைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள்: இங்கிலாந்தில் நடத்தைச் சிக்கல் உள்ள சிறு பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கு, ஐந்து வயதில் சேரும் ரிசெப்ஷன் வகுப்பிலோ முதலாம், இரண்டாம் ஆண்டுகளிலோ படிக்கும் பிள்ளை மற்றப் பிள்ளைகளைத் தள்ளுகிறது, கடிக்கிறது, வகுப்பைவிட்டு ஓடுகிறது, மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது என்று பாடசாலை சொல்லத் தொடங்கினால், சில வாரங்களில் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வரும். என் மூத்த மகனுக்கு நான்கரை வயதாக இருந்தபோது எனக்கும் அந்த அழைப்பு வந்தது. அதன்பின் பல ஆண்டுகளாக, ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் தமிழ்ப் பெற்றோருக்குத் துணையாக இத்தகைய கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் வரும் சட்டங்களும் விதிகளும் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு.

"சென்கோ உங்களைச் சந்திக்க விரும்புகிறார்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. சென்கோ யார்? பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தப் போகிறார்களா?

சென்கோ என்பவர் விசேட கல்வித் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளர். சாதாரண அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் இந்தப் பொறுப்பில் தகுதிபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய வேலை உதவியை ஒழுங்குசெய்வது. பிள்ளையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது அதிபருக்கு மட்டுமே உரியது, அதற்கு வேறு நடைமுறையும் உண்டு. ஆகவே சென்கோவின் அழைப்பைக் கண்டு இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை.

இந்தக் கூட்டங்களுக்கு அடிப்படை, 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டமும், அதைப் பாடசாலைகள் எப்படி நடைமுறைப்படுத்த வேண்டும் என்று விளக்கும் செயன்முறைக் கோவையும் ஆகும். அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டில் இத்தகைய பிள்ளைகளைச் சேர்த்த பிரிவின் பெயரிலேயே 'நடத்தை' என்ற சொல் இருந்தது. புதிய கோவையில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'சமூக, உணர்வு மற்றும் மனநலத் தேவைகள்' என்று பெயர் வைத்தார்கள். இது வெறும் பெயர் மாற்றம் அல்ல. கடிப்பதும் ஓடுவதும் அடியில் கிடக்கும் ஏதோ ஒரு தேவையின் வெளிப்பாடு, அந்தத் தேவையைக் கண்டுபிடிப்பது பெரியவர்களின் கடமை என்ற நிலைப்பாட்டிலிருந்துதான் கூட்டம் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காவிட்டால், "இவன் இப்படிச் செய்வதற்குக் காரணம் என்னவென்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று நீங்களே கேட்டுத் தொடக்கிவைக்கலாம்.

கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள்?

பெரும்பாலும் வகுப்பு ஆசிரியையும் சென்கோவும் இருப்பார்கள். சில வேளைகளில் உதவி ஆசிரியை, அதிபர், வெளியிலிருந்து வரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் அல்லது கல்வி உளவியலாளர் ஆகியோரும் இருப்பதுண்டு. யார் வருவார்கள், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரண்டு பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் போன தாய் ஆறு பேரைக் கண்டு வாயடைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் ஒருவரைக் கூட்டிச்செல்லலாம். கணவராகவோ சகோதரியாகவோ அயலவராகவோ இருக்கலாம்.

எனக்கு ஆங்கிலம் போதாது. மூத்த மகள் நன்றாகப் பேசுவாள். அவளைக் கூட்டிச்செல்லலாமா?

வேண்டாம். தம்பியைப் பற்றிக் கடினமான செய்திகளைக் கேட்டு, அவற்றைத் தாய்க்குச் சொல்லும் சுமையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. மேலும், பிள்ளைகள் அம்மா கவலைப்படுவார் என்று சிலவற்றை விழுங்கிவிடுவார்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். பாடசாலைகள் பலவற்றால் அதை ஒழுங்குசெய்ய முடியும்.

உரைபெயர்ப்பாளர் இருந்தால் கூட்டம் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் என்பதையும் சொல்லி, அதற்கேற்ற நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். விளங்காத இடத்தில் தலையாட்டாதீர்கள். நாம் மரியாதைக்காகத் தலையாட்டுகிறோம். அவர்கள் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். நான் கலந்துகொண்ட கூட்டங்களில் பின்னாளில் சிக்கல் எழுந்த பெரும்பாலான விடயங்கள் இப்படியான தலையாட்டலில் தொடங்கியவைதான்.

போகுமுன் வீட்டில் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

ஒரு கொப்பியை எடுத்து, ஒரு சம்பவத்துக்கு மூன்று விடயங்களை எழுதத் தொடங்குங்கள்: சம்பவத்துக்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது. அதே மூன்றையும் பாடசாலையிலும் எழுதித் தருமாறு, கூட்டத்துக்கு முன்பாகவே கேளுங்கள். திகதியும் நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். "இன்றும் கடித்தான்" என்ற வரியால் எவருக்கும் பயன் இல்லை.

என் மகனின் கதையைச் சொல்கிறேன். ரிசெப்ஷன் வகுப்பில் போடும் அந்தச் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை தன் பதிவுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி மூன்று வாரச் சம்பவங்களை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த சென்கோ இடைமறித்து, நேரங்களை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பதினொன்று ஐம்பது, பதினொன்று ஐம்பத்தைந்து, பன்னிரண்டு, மறுபடி பதினொன்று ஐம்பது. மதிய உணவு மண்டபத்துக்குப் போக வரிசையில் நிற்கும் நேரம் அது. மண்டபத்தின் இரைச்சல் கதவைத் தாண்டி வரும்; பக்கத்துக் கழிவறையில் கைகளை உலர்த்தும் இயந்திரம் ஊளையிடும்; முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள் உரசிக்கொண்டு நிற்பார்கள். அவன் மற்ற வரிசைகளில் கடைசியாக, உதவி ஆசிரியையின் பக்கத்தில் நிற்கவும், மதிய உணவுக்கு மட்டும் மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்பாக மண்டபத்துக்குள் போகவும் ஏற்பாடு செய்தார்கள். கடிப்பது ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் தவணை முடிவதற்குள் கிழமைக்கு நான்கு முறை நடந்தது ஒன்றாகக் குறைந்தது.

வீட்டுப் பதிவில் நித்திரையையும் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், இரவில் குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்பவை முக்கியம். தூக்கம் கெடும் சிறுவர்கள் பகலில் சோர்ந்து கிடப்பதற்குப் பதிலாகத் துள்ளித் திரிவதும் சிடுசிடுப்பதும் உண்டு. செவிப் பரிசோதனையும் அவசியம். நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது இந்த வயதில் மிகச் சாதாரணம்; அந்தப் பிள்ளை 'சொல்வழி கேளாத' பிள்ளை என்று பெயர் எடுத்துவிடும். இவ்விரண்டையும் குடும்ப வைத்தியரிடம் சொல்லித் தொடங்கிவிட்டால், கூட்டத்தில் அந்தக் கேள்வி எழும்போது பதிலோடு இருப்பீர்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இந்தச் சிக்கல் என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ் பேசுவதை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்கு மொழிக் குறைபாடோ நடத்தைச் சிக்கலோ உண்டாவதில்லை. பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள், உங்களுக்கு நன்றாக வரும் மொழியிலேயே பிள்ளையுடன் பேசுங்கள் என்றுதான் ஆலோசனை சொல்கிறார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் தாய் பேசத் தொடங்கினால், கோபத்தையும் பயத்தையும் பெயர் சொல்லிப் பேசக் கற்றுக்கொள்ளும் இடமும் பிள்ளைக்கு இல்லாமல் போய்விடும். வீட்டு மொழி வேறாக இருப்பதை மட்டும் காரணம் காட்டி, ஒரு பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருப்பதாகக் கருதக் கூடாது என்று 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். "ஆங்கிலம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்" என்று உண்மையான தேவையொன்றை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. தமிழிலும் பிள்ளைக்குச் சிரமம் இருக்கிறதா என்று உங்களால்தான் சொல்ல முடியும். அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒரு குடும்பத்துக்காகப் போன கூட்டத்தில், அவர்களுடைய மகள் "காரணமே இல்லாமல்" பிள்ளைகளைத் தள்ளுகிறாள் என்றார்கள். தள்ளுவதற்கு முன் அவள் ஏதாவது சொல்வாளா என்று தாய் கேட்டார். உதவி ஆசிரியை யோசித்துவிட்டு, "விடு விடு" என்பதுபோல் ஒரு சத்தம் போடுவாள் என்று அதை அப்படியே சொல்லிக் காட்டினார். அந்தத் தாயின் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. பிள்ளை ஒவ்வொரு முறையும் எச்சரித்திருக்கிறாள், கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. அன்றே வேண்டாம், விடு, போதும், பயமாயிருக்கு, தண்ணி என்ற சொற்களை ஆங்கில எழுத்திலும் பொருளோடும் எழுதி, வகுப்பிலும் விளையாட்டு முற்றத்தில் நிற்பவர்களிடமும் கொடுத்தோம். உங்கள் பிள்ளை கோபத்திலும் பயத்திலும் சொல்லும் சொற்களை நீங்களும் எழுதிக் கொண்டுபோங்கள்.

"வீட்டில் அவன் அப்படிச் செய்வதே இல்லை" என்று சொன்னால் நம்புவார்களா?

அது உண்மையானால் சொல்லுங்கள், ஆனால் எதிர்வாதமாகச் சொல்லாதீர்கள். வீட்டில் மூன்று பேர், வகுப்பில் முப்பது பேர். வீட்டில் அமைதியாக இருக்க எது உதவுகிறது என்பதே ஆசிரியைக்குத் தேவையான தகவல். அதேபோல், வீட்டில் சிரமம் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். பாடசாலையில் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு, வீட்டு வாசலில் கால் வைத்ததும் வெடித்து அழும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"தவறு செய்தால் ஒரு அடி போட்டுத் திருத்துங்கள்" என்று ஆசிரியையிடம் சொல்லலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பிள்ளையின் மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். ஊரில் ஆசிரியருக்கு நாம் கொடுக்கும் உரிமையை மரியாதையாகக் கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே எந்தப் பாடசாலையிலும் பிள்ளையை அடிக்க முடியாது. அரச பாடசாலைகளில் அது 1980களிலும், தனியார் பாடசாலைகளில் 1990களின் இறுதியிலும் சட்டத்தால் முற்றாக நிறுத்தப்பட்டது. "நான் வீட்டில் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், அதைக் கேட்டவர் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஊழியரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர். அங்கிருந்து கூட்டம் உதவியைவிட்டு வேறு திசைக்குப் போய்விடும்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. இரைச்சல் தாங்காமல் கடிக்கும் பிள்ளைக்கு அடியும் இன்னொரு இரைச்சல்தான். நானும் ஆரம்பத்தில் அடித்திருக்கிறேன். என் மகன் கற்றுக்கொண்டது கடிக்காமல் இருப்பதை அல்ல. பாடசாலையில் நடந்ததை எனக்குச் சொல்லாமல் இருப்பதைத்தான். எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை என்றால், அதையே கூட்டத்தில் சொல்லிப் பெற்றோருக்கான பயிற்சி வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கவனக்குறைவு, மிகைத்துடிப்பு நிலைக்கு (ஏ.டி.எச்.டி.), சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் மருத்துவ வழிகாட்டி முதலில் பரிந்துரைப்பதே பெற்றோர் பயிற்சிதான், மருந்து அல்ல.

மருத்துவர் பெயர் சொல்லும் நோய் எதுவும் இல்லாததால் உதவி தர முடியாது என்கிறார்கள். சரியா?

சரியல்ல. உதவி தேவையின் அடிப்படையில் வழங்கப்பட வேண்டும். மருத்துவச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஓட்டிசம் மதிப்பீட்டுக்குப் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் நிலையில், அதுவரை எதுவும் செய்ய முடியாது என்பது ஐந்து வயதுப் பிள்ளையின் ஆரம்பப் படிப்புக் காலத்தின் பெரும்பகுதியை இழப்பதாகும். காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு, உதவியை இன்றே கேளுங்கள்.

கூட்டம் முடியும்போது என் கையில் என்ன இருக்க வேண்டும்?

எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். "அவனுக்கு ஆதரவு கொடுப்போம்" என்ற வரி திட்டம் ஆகாது. "ஒவ்வொரு காலையும் எட்டு ஐம்பதுக்கு உதவி ஆசிரியை வாசலில் வந்து அழைத்துச் செல்வார், படங்கள் போட்ட நேர அட்டவணையை அவனோடு சேர்ந்து பத்து நிமிடம் பார்ப்பார், இது ஆறு வாரம் நடக்கும்" என்பதுதான் திட்டம். யார், எப்போது, எவ்வளவு நேரம், அது பலித்ததா என்று எப்படி அறிவது, மீண்டும் எப்போது சந்திப்பது ஆகியவை அதில் வர வேண்டும். விசேட கல்வித் தேவைக்கான உதவி பெறும் பிள்ளையின் பெற்றோரை ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை சந்திக்க வேண்டும் என்று செயன்முறைக் கோவை சொல்கிறது. அடுத்த திகதியைக் குறிக்காமல் கதிரையைவிட்டு எழாதீர்கள்.

அன்றிரவே, நீங்கள் விளங்கிக்கொண்டதை ஐந்தாறு வரிகளில் மின்னஞ்சலாக அனுப்பி, தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. பேசியது காற்றில் போகும், அந்த மின்னஞ்சல் இருக்கும்.

அடிக்கடி பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்று அவனுக்கு முடியவில்லை, வந்து கூட்டிச்செல்லுங்கள்" என்கிறார்கள். வேலை பறிபோகும் நிலை. என்ன செய்வது?

நம் பெற்றோர் அதிகமாக ஏமாறும் இடம் இது. கனிவான குரலில் கேட்பதால் நாமும் நன்றி சொல்லிக் கூட்டிவருகிறோம். நடத்தையைக் காரணமாக வைத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதானால், அதை அதிபர் முறையான தற்காலிக இடைநிறுத்தமாகப் பதிவுசெய்து, காரணத்தையும் காலத்தையும் எழுத்தில் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். 'அமைதியடைவதற்காக' வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோர் சம்மதித்தாலும்கூட, சட்டத்துக்குப் புறம்பானது என்று அரசின் வழிகாட்டியே கூறுகிறது. உதவி போதவில்லை என்பதற்காகவோ, விசேட தேவை இருக்கிறது என்பதற்காகவோ இடைநிறுத்தவும் முடியாது.

அடுத்த முறை அழைப்பு வந்தால் அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இது முறையான இடைநிறுத்தமா? அப்படியானால் கடிதம் தாருங்கள்." பெரும்பாலும் பிள்ளை வகுப்பிலேயே இருந்துவிடும். பதிவாகும் இடைநிறுத்தம் பிள்ளையின் பெயரைக் கெடுக்குமே என்று பலர் அஞ்சுகிறார்கள். பதிவு இல்லாவிட்டால், பிள்ளை எத்தனை நாள் படிப்பை இழந்தது என்பதற்கு ஆதாரமும் இல்லை. கூடுதல் உதவி கேட்கும்போது அந்த ஆதாரம்தான் பேசும். அரை நாள் மட்டும் வரச்சொல்லும் நேர அட்டவணையும் இப்படித்தான். மிக அரிதான சூழலில், குறுகிய காலத்துக்கு, உங்கள் சம்மதத்தோடு மட்டுமே அது இருக்கலாம். நடத்தையைச் சமாளிக்கும் வழியாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

பாடசாலை செய்வது போதவில்லை. இ.எச்.சி. பிளான் கேட்க வேண்டும் என்கிறார்கள். பாடசாலைதான் விண்ணப்பிக்க வேண்டுமா?

நீங்களே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். இ.எச்.சி. பிளான் என்பது கல்வி, சுகாதாரம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதப்படும் சட்டபூர்வமான திட்டம். பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கக்கூடும், அதற்கு இத்தகைய திட்டத்தின் வழியான ஏற்பாடு தேவைப்படக்கூடும் என்பதே மதிப்பீட்டைத் தொடங்குவதற்கான அளவுகோல். கவுன்சில் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 வாரங்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பித்ததிலிருந்து 20 வாரங்களுக்குள் இறுதித் திட்டம் வர வேண்டும். நடைமுறையில் பல கவுன்சில்கள் இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுகின்றன. அதனால் விண்ணப்பித்த திகதியைக் குறித்துவைத்து, கெடு முடிந்த மறுநாளே எழுதிக் கேளுங்கள்.

மறுத்தால் மனம் தளர வேண்டாம். தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது சமரசச் சான்றிதழ் (கவுன்சிலோடு சமரசம் பேசுவது பற்றி ஆலோசகர் ஒருவரிடம் கேட்டதற்கான சான்று) கிடைத்ததிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காலம் உண்டு. எல்லாக் கவுன்சில் பகுதிகளிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. கடிதம் எழுதவும் கூட்டத்துக்குத் துணை வரவும் அவர்களிடம் கேட்கலாம். இப்ஸியா என்ற தொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன.

விசேட தேவைப் பட்டியலில் பெயர் சேர்ந்தால் காலமெல்லாம் பிள்ளையின் பின்னால் வருமா? பெண் பிள்ளை வேறு.

அடுத்த பாடசாலைக்குப் பதிவு போகும். அங்கே ஆசிரியர்கள் முதல் நாளிலேயே ஆயத்தமாக இருப்பதற்கு அது உதவும். தேவை தீர்ந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். உறவினர்களுக்கோ கோயிலில் சந்திப்பவர்களுக்கோ பாடசாலை எதையும் சொல்லாது.

கடந்த கூட்டத்தில் அழுதுவிட்டேன். மறுபடி எப்படி அவர்கள் முகத்தைப் பார்ப்பது?

நானும் அழுதேன். மேசையில் எப்போதும் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி இருக்கும். உங்களுக்கு முன்பும் பல தாய்மாரும் தந்தையரும் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் வெளியே போய்வரக் கேட்கலாம், கூட்டத்தை இன்னொரு நாளுக்கு மாற்றக் கேட்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒன்றை எழுதி அனுப்புங்கள்: பிள்ளையிடம் காணும் நல்லதைப் பேசித் தொடங்குவோம் என்று. இரண்டாவது கூட்டத்தில் நான் அதைக் கேட்டேன். மகனின் ஆசிரியை பதிவுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மழை பெய்த நாட்களில் முற்றத்தில் ஊரும் மண்புழுக்களைப் பிள்ளைகள் மிதித்துவிடாதபடி அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் கொண்டுபோய் விடுகிறான் என்றார். அவன் அதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை.